வலி நின்ற பல்

மூன்று ராத்திரி தூங்கவிடாமல் படுத்திய கடைவாய்ப் பல், நாலாம் நாள் காலையில் சட்டென்று அடங்கிவிடுகிறது. உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளித்ததாலா, கிராம்பைக் கடித்துக்கொண்டதாலா, மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய மாத்திரையாலா என்பது தெரியவில்லை. "சரியாப் போச்சு" என்று பல் டாக்டரிடம் வாங்கிவைத்த அப்பாயின்ட்மென்டை ரத்து செய்துவிடுகிறோம். ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் கன்னம் வீங்கிப்போய் அதே டாக்டரிடம் போனால், எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு அவர் கேட்கிறார்: "இந்தப் பல் செத்து ரொம்ப நாளாச்சே, வலிக்கலையா?"

நோய் முற்றினால் வலியும் கூடத்தானே வேண்டும்? முற்றிய பிறகு ஏன் நின்றது? இதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்றும் இருக்கிறது. ஈறில் வருடக்கணக்காக ரத்தம் கசிகிறது, பல் மெல்ல ஆடத் தொடங்குகிறது. ஆனால் ஒருநாள்கூட வலித்ததில்லை என்பவர்கள் நம் வீட்டிலேயே இருப்பார்கள். அது எப்படி?

பல்லில் நோய் ஒரு கணக்கில் போகிறது, வலி வேறொரு கணக்கில் போகிறது. இரண்டும் ஏன் ஒத்துப்போவதில்லை என்று பார்க்க, ஒரே ஒரு பல்லை எடுத்துக்கொண்டு அது முளைத்த நாளிலிருந்து தொடர்வோம்.

நாற்பத்தாறாம் நம்பர்

கீழ்த்தாடையில் வலப்பக்கம், முன்பல்லிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் ஆறாவதாக நிற்பது. வாயை நான்கு பகுதியாகப் பிரித்துப் பல் மருத்துவர்கள் ஒவ்வொரு பல்லுக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் இது 46. நாம் நாற்காலியில் மல்லாந்து வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்போது, "ஃபோர் சிக்ஸ்" என்று டாக்டர் உதவியாளரிடம் சொல்வது இதைத்தான்.

நிரந்தரப் பற்களில் அதிகமாகச் சொத்தையாவது இந்த முதல் கடைவாய்ப் பற்கள்தான். இவை முளைக்கும் விதமே அதற்குப் பாதிக் காரணம். குழந்தைக்கு ஆறு வயது ஆகும்போது, பால் பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே இது சத்தமில்லாமல் எட்டிப் பார்க்கும். விழாமல் முளைத்ததால் இதையும் பால் பல் என்றே பெற்றோர் நினைத்துக்கொள்வார்கள். "விழுந்து முளைக்கிற பல்தானே" என்று விட்டுவிட்ட சொத்தை, ஆயுசுக்கும் வேண்டிய பல்லில் விழுந்த சொத்தையாக இருக்கும். இதன் மேற்பரப்பில் ஆழமான பள்ளக்கோடுகள் வேறு உண்டு. சில கோடுகளுக்குள் பிரஷ்ஷின் ஒரு நார்கூட நுழையாது. முளைத்த கையோடு அந்தக் கோடுகளைப் பிசின் போன்ற ஒரு பொருளால் மூடிவிடும் சிகிச்சை இருக்கிறது. வலியில்லாதது, சில நிமிட வேலை. நம் ஊரில் கேட்டுச் செய்துகொள்கிறவர்கள் குறைவு.

இந்தப் பல்லைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். வெளியே பற்சிப்பி, அதாவது எனாமல். உடம்பிலேயே கடினமான பொருள் இதுதான். எடையில் சுமார் 96 விழுக்காடு தாதுப்பொருள். மேட்டுப் பகுதிகளில் இதன் தடிமன் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர். இதில் உயிரணுவும் கிடையாது, நரம்பும் கிடையாது. இதை உருவாக்கிய உயிரணுக்கள் பல் வெளியே வரும்போதே அழிந்துபோகின்றன. முறிந்த எலும்பு கூடும், கிழிந்த தோல் ஒட்டும்; போன எனாமல் போனதுதான்.

அதற்கு உள்ளே டென்டின். எலும்பைப் போன்றது, ஆனால் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் ஓடும். குழாய்களில் திரவம் நிற்கிறது. ஐஸ் தண்ணீர் பட்டதும் அந்தத் திரவம் அசைகிறது, உள்பக்கம் இருக்கும் நரம்பு முனை அதை உணர்கிறது. பல் கூச்சம் என்பது இவ்வளவுதான்.

நடுவே பற்கூழ்: ரத்தக்குழாய்களும் நரம்பும் அடங்கிய மெத்தென்ற சதை. வேரின் நுனியில் இருக்கும் ஊசித்துளை வழியாகத்தான் இதற்கு ரத்தம் உள்ளே வந்து வெளியே போகிறது. இந்தத் துளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடக்கப்போகும் அத்தனைக்கும் இதுதான் காரணம்.

பூச்சியும் புளிப்பும்

பல்லைப் பூச்சி அரிக்கிறது என்று நம் பாட்டிமார் சொன்னதையே பழைய நாகரிகங்கள் பலவும் சொல்லியிருக்கின்றன. கண்டங்கத்திரி விதையைச் சுட்டு அந்தப் புகையைப் பல்லில் பிடிக்கும் வைத்தியம் இந்த நம்பிக்கையோடு சேர்ந்து வந்தது. புழு எதுவும் இல்லை. ஆனால் உயிருள்ள ஒன்று உள்ளே வேலை செய்கிறது என்ற ஊகம் தவறில்லை.

1880களில் பெர்லினில் இருந்த அமெரிக்கப் பல் மருத்துவர் மில்லர், பிடுங்கிய பற்களை எச்சிலும் ரொட்டியும் கலந்த கலவையில் உடல் வெப்பத்தில் ஊறவைத்தார். பற்கள் மெதுவாகத் தாது இழந்து மென்மையாகின. ரொட்டிக்குப் பதில் இறைச்சியை வைத்துப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. மாவுப்பொருளை நுண்ணுயிர்கள் தின்று புளிப்பை, அதாவது அமிலத்தை விடுகின்றன, அதுதான் பல்லைக் கரைக்கிறது என்று 1890இல் நூலாகவே எழுதினார்.

பல் தேய்த்த சில மணி நேரத்திலேயே பல்மேல் வழவழப்பாக ஒன்று படிவதை நாக்கால் உணரலாம். அது சாப்பாட்டு மிச்சமில்லை. கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாழும் படலம், பற்படலம் என்போம். நாம் ஒரு வாய் காப்பி குடித்ததும் அந்தப் படலமும் குடிக்கிறது. 1940களில் அமெரிக்காவில் ஸ்டீபன் என்பவர் சர்க்கரைக் கரைசலால் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, படலத்தின் புளிப்பை நிமிடத்துக்கு நிமிடம் அளந்தார். சில நிமிடங்களிலேயே புளிப்பு ஏறி எனாமல் கரையத் தொடங்கும் எல்லையைத் தாண்டியது. பிறகு எச்சில் கொஞ்சம் கொஞ்சமாக அதைச் சரிக்கட்டி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது.

இதை நம் அன்றாடத்தில் போட்டுப் பார்ப்போம். காலை காப்பி, டிபன், பதினோரு மணி டீ, மதியச் சாப்பாடு, மாலை டீயும் பஜ்ஜியும், ராத்திரிச் சாப்பாடு என்று ஆறு வேளை. வேளைக்கு நாற்பது நிமிடம் என்று வைத்தால் நாளுக்கு நாலு மணி நேரம் பல் கரைகிறது, மீதி இருபது மணி நேரம் எச்சில் தாதுவைத் திருப்பிக் கொடுக்கிறது. பல் தாக்குப்பிடித்துவிடும். இதே ஆள் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு பெரிய டம்ளர் டீயை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டே இருந்தால்? அல்லது புகைபிடிப்பதை விடுவதற்காக மணிக்கொரு மிட்டாயைக் கன்னத்தில் அடக்கினால்? சர்க்கரையின் மொத்த அளவு குறைவாக இருந்தாலும் பல்லுக்கு ஓய்வே இல்லை.

எத்தனை தடவை என்பதுதான் முக்கியம் என்று நிறுவிய ஆய்வு ஸ்வீடனில் வீபேஹோல்ம் மனநல மருத்துவமனையில் 1940களின் பிற்பாதியில் நடந்தது. சாப்பாட்டோடு சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. சாப்பாட்டுக்கு இடையில் ஒட்டும் மிட்டாய் கொடுக்கப்பட்டவர்களுக்குப் பற்கள் மளமளவென்று அழிந்தன. ஆய்வுக்கு ஆளானவர்கள் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத நோயாளிகள். முடிவு சரி, வழி வெட்கக்கேடு. வாரத்தில் சனிக்கிழமை மட்டும் பிள்ளைகளுக்கு மிட்டாய் என்ற ஸ்வீடன் நாட்டு வழக்கம் இதற்குப் பிறகு வந்ததுதான்.

தூங்கும்போது எச்சில் ஊறுவது வெகுவாகக் குறைந்துவிடும். ராத்திரி பால் குடித்துவிட்டு அப்படியே படுக்கிற குழந்தைக்கு முன்பல் ஏன் கறுத்துப்போகிறது என்பதற்கும், ஒரு வேளைதான் தேய்ப்பேன் என்கிறவர் எந்த வேளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

வெள்ளைப் புள்ளி

நம் 46க்கு இப்போது பதினைந்து வயது என்று வைத்துக்கொள்வோம். பள்ளக்கோட்டின் ஓரத்தில் சுண்ணாம்பு பட்டது போல மங்கலான ஒரு புள்ளி. அந்த இடத்தில் எனாமல் தாது இழந்திருக்கிறது, ஆனால் குழி விழவில்லை. சொத்தையின் முழுக் கதையிலும் திரும்பிப் போக வழி இருப்பது இந்தக் கட்டத்தில் மட்டும்தான். எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்பப் படியலாம். அருகில் ஃபுளோரைடு இருந்தால் படிவது வேகமாகும், படிந்த தாது முன்பைவிட அமிலத்துக்கு அசராததாகவும் இருக்கும். பேஸ்ட்டில் ஃபுளோரைடு சேர்ப்பது இதற்காகத்தான். தேய்த்து முடித்ததும் வாய் நிறையத் தண்ணீர் விட்டு நாலு தடவை கொப்பளித்தால் அது அத்தனையும் வாஷ்பேசினுக்குப் போய்விடும். நுரையைத் துப்பிவிட்டு நிறுத்திக்கொள்வது போதும்.

ஃபுளோரைடு என்றதும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வாசகர்களுக்கு முகம் சுளிக்கும். நிலத்தடி நீரில் இது மிஞ்சிப்போனதால் பழுப்புக் கறை ஏறிய பற்களோடு தலைமுறைகள் வளர்ந்த மண் அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே இது முக்கியக் காரணம். அந்தப் பாதிப்பு, தாடைக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் சிறுவயதில் ஃபுளோரைடை விழுங்குவதால் வருவது. பேஸ்ட் வேலை செய்வது முளைத்த பல்லின் மேற்பரப்பில். ஆகவே விழுங்கத் தெரிந்து துப்பத் தெரியாத மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு பேஸ்ட், ஆறு வயது வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் வருவது போல பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டியதில்லை.

வெள்ளைப் புள்ளியை யாரும் பார்க்கவில்லை. எனாமலில் நரம்பு இல்லாததால் 46ம் சொல்லவில்லை. சில வருடங்களில் அரிப்பு டென்டினைத் தொடுகிறது. டென்டின் எனாமலைவிட மென்மை. அங்கே போனதும் அரிப்பு பக்கவாட்டில் பரவுகிறது. கறையான் பிடித்த கதவில் வெளியே பெயின்ட் அப்படியே இருக்க, விரலால் அழுத்தினால் உள்ளே பொலபொலவென்று உதிருமே, அந்த நிலை. கண்ணாடியில் மிளகளவு கறுப்புப் புள்ளியைக் காட்டி "இதுக்கா இவ்வளவு பெருசா அடைக்கணும்" என்று டாக்டரைச் சந்தேகப்படுகிறோம். அவர் எக்ஸ்ரேயில் பார்ப்பது கதவின் உட்புறத்தை.

இந்தக் கட்டத்தில் சிகிச்சை எளிது. கெட்டுப்போன பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு அடைப்பார்கள். முன்பெல்லாம் பாதரசம் கலந்த வெள்ளி நிற அடைப்பு. இப்போது பெரும்பாலும் பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட், நீல விளக்கை அடித்து இறுக்குவது. ஜில்லென்று குடித்தால் சுரீர் என்று ஏறி, சில நொடிகளில் போய்விடுகிற வலி இருந்தால் கூழ் எரிச்சலில் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும் என்று பொருள். அடைத்தால் போதும்.

ராத்திரி வலி

அடைக்காமல் விட்டால் பாக்டீரியா கூழை நெருங்கும். அங்கே அழற்சி தொடங்கும். கையில் முள் குத்தி அழற்சி வந்தால் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. வீங்கத் தோலுக்கு இடம் இருக்கிறது. பற்கூழைச் சுற்றி நாலு பக்கமும் சுவர். ரத்தம் உள்ளே பாய்கிறது, வீங்க இடம் இல்லை, அழுத்தம் ஏறுகிறது, நரம்பு அலறுகிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுவதால் அழுத்தம் இன்னும் ஏறும். பகலில் வேலையில் மறந்திருந்த வலி, ராத்திரி பத்து மணிக்கு மேல் விண்விண் என்று தெறிப்பது இதனால்தான். தலையணையை உயர்த்தி வைத்தாலோ எழுந்து உட்கார்ந்தாலோ சற்றுத் தணிவதும் இதனால்தான்.

இந்த வலிக்கு இன்னொரு விசித்திரம்: எந்தப் பல் என்றே தெரியாது. காது குடைகிற மாதிரி இருக்கும், பொட்டு தெறிக்கும், சிலர் கீழ்ப்பல் வலியை மேல்பல் என்று அடித்துச் சொல்வார்கள். இடத்தைச் சொல்லும் உணர்வு நரம்பு கூழில் இல்லை. அது பல்லையும் எலும்பையும் இணைக்கும் நாரில் இருக்கிறது. டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டுவதும், பஞ்சைக் குளிரவைத்து ஒற்றி எடுப்பதும் நம் வார்த்தையை நம்பாமல் இல்லை. இந்த விஷயத்தில் நம் மூளைக்கே தகவல் சரியாகப் போவதில்லை.

ஜில்லென்று பட்ட வலி நொடிகளில் போகாமல் நிமிடக்கணக்கில் நின்றால், அல்லது எதுவும் படாமலே தூக்கத்தில் எழுப்பினால், கூழ் இனிப் பிழைக்காது. கிராம்பு உதவும். அதிலுள்ள யூஜினால் என்ற எண்ணெய் நரம்பை மரத்துப்போகச் செய்யும். பல் மருத்துவர்களே தற்காலிக அடைப்பில் துத்தநாக ஆக்சைடோடு இதைக் கலந்து வைக்கிறார்கள், பல் ஆஸ்பத்திரிகளின் வாசனையே அதுதான். ஆனால் உள்ளே நடப்பதை அது நிறுத்தாது. ஆன்டிபயாடிக்கும் நிறுத்தாது. வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வெறும் பல்வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் வீண்.

அழுத்தம் ஏற ஏற, வேர்நுனியின் ஊசித்துளை வழியே வரும் ரத்தக்குழாய்கள் நசுங்குகின்றன. ரத்தம் இல்லாமல் கூழ் சாகிறது. நரம்பும் சேர்ந்து சாகிறது. நாலாம் நாள் காலை வலி நின்றது இப்படித்தான். வலியைச் சொல்ல வேண்டிய நரம்பு போய்விட்டது, பாக்டீரியா அங்கேயே இருக்கிறது. வெற்று அறையில் ரத்தம் வராததால் உடம்பின் காவல் அணுக்களும் வர முடியாது, விழுங்கிய மாத்திரையும் வராது. பாக்டீரியா பெருகி வேர்நுனியைத் தாண்டி எலும்புக்குள் கசிகிறது. ஈறில் சின்னக் கொப்புளம் போல ஒன்று தோன்றி, உடைந்து உப்புக் கரிக்கும் சீழ் வந்து, மறைந்து, மறுபடி தோன்றினால் அது எலும்புக்குள் இருக்கும் சீழின் வடிகால். வடிகால் இருக்கும் வரை வலி இருக்காது. அடைபட்டால் கன்னம் வீங்கும். வீக்கத்தோடு வாய் திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, நாக்கு மேலே தள்ளுகிறது என்றால் பல் டாக்டரின் நேரம் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தாடைக்கு அடியில் பரவும் சீழ் மூச்சுக்குழலை அடைக்கக்கூடியது.

வேர்க்குழாய்க்குள்

ரூட் கெனால் என்ற பேரைக் கேட்டாலே பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. சிகிச்சையின் தர்க்கம் எளிது: மாத்திரை போக முடியாத அறைக்குள் கருவி போகிறது.

முதலில் மரத்துப்போகும் ஊசி. கீழ்க் கடைவாய்ப் பல்லின் அருகே போட்டால் அடர்ந்த எலும்பு மருந்தை விடாது. அதனால் தாடையின் பின்கோடியில், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் போடுவார்கள். சில நிமிடத்தில் கீழ் உதட்டின் பாதி தடித்துப்போனது போல் இருக்கும். "ஊசி போட்டும் வலிச்சுது" என்று சிலர் சொல்வது பொய்யில்லை. கடும் அழற்சியில் இருக்கும் நரம்பு மருந்துக்கு எளிதில் அடங்காது. வலி உச்சத்தில் இருக்கும்போது ஓடுகிறவர்களுக்கு இது நேர்கிறது. கூடுதல் ஊசி போட்டு அடக்க முடியும், கையைத் தூக்கிச் சொன்னால் போதும்.

பிறகு ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பில் ஓட்டை போட்டு, அதன் வழியே 46 மட்டும் வெளியே தெரியும்படி மாட்டுவார்கள். எச்சில் உள்ளே போகாது, கருவி தொண்டைக்குள் விழாது. மெல்லும் பரப்பில் ஒரு வாசல் திறந்தால் கூழ் அறை. அதன் தரையில் மூன்று, சில சமயம் நான்கு புள்ளிகள். முன்வேரில் பெரும்பாலும் இரண்டு குழாய், பின்வேரில் ஒன்றோ இரண்டோ. தவறவிட்ட ஒரு குழாய் பின்னாளில் மறுபடி சீழ் வைக்கக் காரணமாகும் என்பதால் நல்ல மருத்துவர் இந்தத் தேடலில் அவசரப்பட மாட்டார்.

முதலில் இறங்கும் கம்பியின் நுனி 0.1 மில்லிமீட்டர். எவ்வளவு ஆழம் போக வேண்டும்? குறைந்தால் உள்ளே மிச்சம் நிற்கும், கூடினால் எலும்பில் குத்தும். உதட்டோரத்தில் ஒரு கொக்கியை மாட்டி, கம்பியின் தலையில் ஒரு கிளிப்பைப் பிடிப்பார்கள். கம்பி வேர்நுனியை நெருங்க நெருங்க மின்தடை மாறுவதை வைத்து ஒரு சிறு பெட்டி பீப் பீப் என்று சொல்லும். சத்தத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது தூரம் சொல்கிறது.

அடுத்து அடுத்துச் சற்றுப் பருத்த கம்பிகளால் குழாயைச் சீர்செய்துகொண்டே சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவுவார்கள். நீச்சல்குள வாசனை வரும். துணி வெளுக்கும் பிளீச்சில் இருப்பதும் இதே வேதிப்பொருள்தான். வளைவு நெளிவுகளில் கம்பி தொடாத சுவரைச் சுத்தம் செய்வது இந்தக் கழுவல்தான் என்பதால், சிகிச்சையின் பெரும் பகுதி இதிலேயே இருக்கிறது. கடைசியில் குழாயை இளஞ்சிவப்புக் குச்சிகளால் அடைப்பார்கள். குட்டா பெர்ச்சா என்று பெயர். மலேயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் இறுகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்த அதே பொருள். ஈரம் புகாது, உடம்பை உறுத்தாது.

வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று நாள் கடித்தால் வலிக்கலாம். நரம்பை எடுத்த பிறகு எப்படி வலிக்கும்? எடுத்தது கூழின் நரம்பை. வேரைச் சுற்றியுள்ள நார் உயிரோடு இருக்கிறது. ரூட் கெனால் செய்த பல்லாலும் சாதத்தில் கிடக்கும் கல்லைக் கண்டுபிடிக்க முடிவது அதனால்தான்.

பலரும் பணத்தை மிச்சப்படுத்த நினைப்பது இதற்குப் பிறகு. பல்லை மூடும் கேப் போடச் சொன்னால், "வலிதான் இல்லையே, அப்புறம் பார்க்கலாம்." சொத்தையும் வாசலும் சேர்ந்து பல்லின் நடுவைக் காலி செய்துவிட்டன, நாலு பக்கமும் மெல்லிய சுவர் நிற்கிறது. ஒரு முறுக்கைக் கடிக்கும்போது சுவர் வேர் வரை பிளந்தால், அத்தனை மணி நேரம் பாடுபட்டுக் காப்பாற்றிய பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. கடைவாய்ப் பல்லுக்குக் கேப் சிகிச்சையின் பாதி. எந்தக் கேப் என்பதில் அவ்வளவு கவலை வேண்டாம். உலோகம் பார்க்க அழகில்லாவிட்டாலும் பின்பல்லுக்கு நன்றாக உழைக்கும்.

பிடுங்கிவிட்டால்

பிடுங்கினால் கண் பார்வை போகும் என்ற பயம் இன்றும் இருக்கிறது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. ஒன்றைத் தொட்டால் மற்றொன்றுக்குத் தெரியாது. நாற்பது வயதுக்கு மேல் பல் போவதும் வெள்ளெழுத்து வருவதும் ஒரே காலத்தில் நடப்பதால் வந்த பழி இது.

உண்மையான இழப்பு வேறு இடத்தில். வேர் இல்லாத எலும்பு கரைந்து தாழும், பக்கத்துப் பல் காலியிடத்தில் சாயும், மேல்பல் கீழே இறங்கும். ஆகவே எதையாவது நட்டு அல்லது கட்டி இடத்தை நிரப்பச் சொல்கிறார்கள். ஸ்வீடன் விஞ்ஞானி பிரோனெமார்க், முயல் எலும்பில் பொருத்திய டைட்டானியம் கருவி எலும்போடு ஒட்டிக்கொண்டு கழற்ற முடியாமல் போனதைக் கவனித்தார். 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியம் வேர்களை நட்டார். இன்றைய இம்ப்ளான்ட் அதிலிருந்து வந்தது. நல்ல ஏற்பாடுதான். என்றாலும் காப்பாற்றக்கூடிய சொந்தப் பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைக்கச் சொன்னால், இன்னொரு மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. சுற்றிலும் நார் இல்லாத அந்த வேருக்கு அழுத்தத்தை உணரும் திறன் சொந்தப் பல்லுக்கு உள்ளது போல் இருக்காது.

தேயிலைத் தோட்டத்தில் 480 பேர்

சொத்தையாவது ஒரு கட்டத்தில் கத்துகிறது. ஈறு நோய் கத்துவதே இல்லை.

1965இல் டென்மார்க்கில் ஹரால்டு லோ என்பவரும் சகாக்களும் ஈறு நலமாக இருந்த 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து ரத்தம் வந்தது. மறுபடி தேய்த்ததும் சில நாட்களில் சரியாகிவிட்டது. ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது: ரத்தம் வருவது தேய்த்ததால் அல்ல, அதுவரை சரியாகத் தேய்க்காததால்.

தேய்க்காமலே விட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க லோ 1970இல் இலங்கை மலையகத்துக்குப் போனார். இரண்டு தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்கள், தமிழர்கள். பிரஷ்ஷோ பல் மருத்துவமோ எட்டாத வாழ்க்கை. பதினைந்து வருடம் அவர்கள் பற்கள் அளக்கப்பட்டன. அவர்களுக்கு மருத்துவம் எட்டாததே ஆய்வுக்கு வசதியாகிப்போனது என்பதைப் படிக்கும்போது நமக்கு உறுத்தத்தான் செய்யும். சொத்தை அநேகமாக இல்லை. ஆகவே விழுந்த பற்கள் எல்லாம் ஈறு நோயால் விழுந்தவை. ஈறு அழற்சி எல்லாருக்கும் இருந்தது. ஆனால் அழிவின் வேகம் ஒன்றாக இல்லை. சுமார் 8 விழுக்காட்டினர் இருபது வயதிலேயே பல் இழக்கத் தொடங்கி நாற்பத்தைந்துக்குள் அத்தனையும் இழந்தார்கள். 81 விழுக்காட்டினர் மெதுவாக, நாற்பத்தைந்து வயதில் சராசரியாக ஏழு பல். மிச்சம் 11 விழுக்காட்டினருக்கு அழற்சியோடு நின்றுவிட்டது. பல் ஒன்றும் போகவில்லை.

"எங்க தாத்தா செங்கல் பொடியிலே தேய்ச்சு எண்பது வயசிலே கரும்பு கடிச்சார்" என்று சொல்லும்போது நாம் பார்ப்பது அந்தப் பதினொரு விழுக்காட்டில் ஒருவரை. அவரோடு ஒத்த வயதில் பொக்கை வாயோடு இருந்தவர்களை யாரும் எடுத்துக்காட்டாகச் சொல்வதில்லை.

நடப்பது இதுதான். எடுக்கப்படாத படலம் எச்சிலின் தாது ஏறிக் கல்லாகிறது. காரை என்பது இதைத்தான். அதன் சொரசொரப்பில் புதுப் படலம் ஏறும். ஈறு பல்லை விட்டு விலகி ஒரு பை உண்டாகும். பையின் அடியில் பாக்டீரியாவோடு உடம்பு நடத்தும் சண்டையில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துபோகிறது. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவருக்கு இது வேகமாகும். ஈறு அழற்சியும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க விடாது.

"க்ளீனிங் பண்ணினதும் பல் ஆடுது, சந்து விழுந்துடுச்சு" என்ற புகார் பல் மருத்துவர்களுக்குத் தினப்படி. எலும்பு போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். பற்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது காரை. அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டமும் சந்தும் தெரிகிறது. வீக்கம் வற்றி ஈறு சுருங்குவதும் சந்தைப் பெரிதாகக் காட்டும். போன எலும்பு பெரும்பாலும் திரும்பாது, இருப்பதைத் தக்கவைக்கலாம்.

தோட்டத்தில் கண்ட மூன்று கூட்டத்தில் நாம் எதில் இருக்கிறோம் என்று அறிய வலியை நம்ப முடியாது, கண்ணாடியையும் நம்ப முடியாது. அளக்க முடியும். மில்லிமீட்டர் கோடு போட்ட மழுங்கிய கம்பி ஒன்றை ஈறின் ஓரத்தில் மெதுவாக இறக்கி, பல்லுக்கு ஆறு இடம் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். மூன்று வரை இருந்தால் நலம். நான்கு, ஐந்து என்று வந்து தொட்ட இடத்தில் ரத்தமும் வந்தால் பை உண்டாகத் தொடங்கிவிட்டது. ஆழம் கூடினால் வேர் வரை போய்ச் சுரண்ட வேண்டியிருக்கும். க்ளீனிங்குக்குப் போகும்போது இந்த எண்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த வருடத்து எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். புகை பிடிப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். புகை ஈறின் ரத்தக் கசிவை அடக்கிவிடுவதால், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் அவர்கள் பிரஷ்ஷில் சிவப்பே தெரியாது.